முப்பத்தெட்டுப் பொட்டலங்கள்

என் அக்காவுக்குத் தொட்டாச்சிணுங்கி என்று பெயர் வைத்தவள் நான்தான். அப்போது எனக்கு எட்டு வயது, அவளுக்குப் பன்னிரண்டு. இருவருக்கும் சளி. அம்மா ஒரே பாட்டிலிலிருந்து ஆளுக்கொரு ஸ்பூன் மருந்து ஊற்றிக் கொடுத்தாள். நான் குடித்துவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டே விளையாடப் போய்விட்டேன். அக்கா படுத்தவள் மறுநாள் மத்தியானம்தான் எழுந்தாள். நடுவில் இரண்டு முறை அம்மா அவள் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாளாம். எழுந்து உட்கார்ந்தவளிடம், "பரீட்சைக்குப் பயந்து நடிச்சியா?" என்று கேட்டேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "தெரியலடி" என்றாள். நடித்தாளா இல்லையா என்று தனக்கே தெரியாது என்கிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பது? வீடும் தெருவும் அதையே பிடித்துக்கொண்டன.

அவளும் பெயருக்கு ஏற்றபடிதான் இருந்தாள். பல் பிடுங்க ஊசி போட்டால் எங்களுக்கெல்லாம் இரண்டு மணி நேரம் உதடு மரத்துப்போகும். அவளுக்கு மறுநாள் வரை வாயில் விட்ட தண்ணீர் ஓரமாக ஒழுகியது. இருமல் மாத்திரை ஒன்று போட்டதற்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ள, உட்கார முடியாமல், வீட்டிலிருந்த பாத்திரத்தையெல்லாம் எடுத்துப் போட்டுத் தேய்த்தாள். அம்மாவுக்கு அந்த மாத்திரையின் மேல் தனி மரியாதையே வந்துவிட்டது. "துரும்பைக்கூட எடுத்துப் போடாத உனக்கு இதைத்தான் தெனமும் குடுக்கணும்" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். எல்லோரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தாள்.

அவள் அதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைக்கத் தொடங்கியது அந்த வயதில்தான். என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு, என்ன ஆனது. யாரிடமும் காட்ட மாட்டாள். காட்டினால் சிரிப்பார்கள் என்று தெரியும். முதலில் சிரிக்கப் போகிறவள் நான் என்பதும் தெரியும்.

நான் மருந்தாளுநர் படிப்பு படித்துச் சொந்தமாக மருந்துக்கடை வைத்தேன். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர், "இந்த மாத்திரை எனக்கு ஒத்துக்காதும்மா" என்பார்கள். வெள்ளை மாத்திரை ஒத்துக்கொள்ளாது, மஞ்சள் ஒத்துக்கொள்ளும் என்பவர் உண்டு. இரண்டும் ஒரே மருந்து என்று சொன்னால், "உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்பவரும் உண்டு. கல்லாவுக்குப் பின்னால் நின்று இருபது வருடம் இதைக் கேட்டவளுக்கு ஒரு திமிர் வந்துவிடும். அட்டையில் அச்சடித்திருக்கிற அளவுதான் உண்மை, மனிதர்கள் சொல்வதெல்லாம் கதை என்று தோன்றிவிடும். எனக்குத் தோன்றியது.

அக்கா கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டாள். எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தாள். கீழே நானும் என் கணவரும். அவளுக்குப் பல் செட்டு செய்யும் லேப்பில் வேலை. பல் டாக்டர்கள் வாயில் அளவெடுத்து அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி ஈறு அச்சு எடுத்து, அதன்மேல் மெழுகு வளையம் கட்டி, ஒவ்வொரு பல்லாக நட்டு, பிறகு ரோஸ் கலரில் ஈறு வார்ப்பார்கள். முன்பல் நடுவது அக்காவின் பொறுப்பு. அந்த லேப்பில் அதைவிடப் பெரிய பதவி கிடையாது. ஸ்பிரிட் விளக்கில் கத்தியைக் காட்டி, மெழுகைத் துளி இளக்கி, பல்லை அரிசி முனை அளவு திருப்பி வைப்பாள். "எல்லாப் பல்லும் நேரா இருந்தா அது பல்லில்லடி, வேலி" என்பாள். ஒரு பல்லையாவது லேசாகச் சாய்த்து வைப்பாள். தெருவில் யாராவது சிரித்துக்கொண்டு போனால் என் காதருகே வந்து, "நம்ம வேலை" என்பாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமையை வேறெதற்கும் நான் பார்த்ததில்லை.

நாற்பத்து நாலாவது வயதில் அவளுக்குக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுக்க வேண்டி வந்தது. மயக்க மருந்தைக் குறைத்துக் கொடுங்கள் என்று அவள் கெஞ்சிக் கேட்டிருந்தாள். குறைத்துத்தான் கொடுத்தார்கள். அப்படியும் ஒன்றரை நாள் கண் திறக்கவில்லை. மூச்சு மெதுவாகி, ஆக்சிஜன் வைத்தார்கள். "ரத்தம் கம்மியா இருந்துச்சு, அதான்" என்று நான் எல்லோருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். என்னிடம் யாரும் விளக்கம் கேட்டதில்லை என்பது வேறு விஷயம்.

சினைப்பை போனதும் உடம்பு அனலாய்க் கொதிக்கத் தொடங்கியது. வேலை செய்துகொண்டிருக்கும்போதே கழுத்திலிருந்து வியர்வை ஆறாக ஓடும். தூக்கம் போனது. ஹார்மோன் மாத்திரை தினம் ஒன்று என்று பெண் டாக்டர் எழுதிக் கொடுத்தார். ஒரு வாரம் போட்டாள். கண்ணுக்குள் பளிச் பளிச்சென்று வெட்டு வெளிச்சம், அதைத் தொடர்ந்து மண்டையைப் பிளக்கும் தலைவலி, விரலெல்லாம் வீக்கம், காரணமே இல்லாமல் அழுகை. நிறுத்திவிட்டு, தானாகவே கால் மாத்திரை போட்டுப் பார்த்தாள். அனல் தணிந்தது, தூக்கம் வந்தது, தலைவலி இல்லை. ஆனால் அந்தச் சின்ன மாத்திரையை நாலாக வெட்டினால் தூளாகிவிடும். "நீ ஏதாச்சும் பண்ணிக் குடேன்" என்று என்னிடம் வந்தாள்.

அது எனக்குக் கைவந்த வேலை. மாத்திரையைக் கல்வத்தில் இட்டு அரைத்து, மருந்தில்லாத பால் சர்க்கரையோடு கலந்து, எடை போட்டு, வெள்ளைத் தாளில் மடித்துப் பொட்டலமாகக் கொடுத்தேன். ஒரு பொட்டலத்தில் கால் மாத்திரை மருந்து. கடையில் யாருக்கும் இப்படிச் செய்து கொடுத்ததில்லை. அவளுக்காகச் செய்தேன். எட்டு மாதம் அவளுக்கு எந்தக் குறையும் இல்லை. இத்தோடு நான் நிறுத்தியிருந்தால் நல்ல தங்கச்சி என்று பெயர் வாங்கியிருப்பேன்.

அடுத்த முறை டாக்டரிடம் போனபோது, "கால் மாத்திரை எலும்புக்குப் போதாதும்மா. உங்களுக்குச் சம்மதம்னா கொஞ்சம் கொஞ்சமா ஏத்திப் பார்க்கலாம்" என்றார். அக்கா, "சம்மதமில்ல டாக்டர்" என்று சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவளோடு சண்டை போட்டேன்.

"ஊர்ல இருக்கிற பொம்பளைங்கல்லாம் முழு மாத்திரை போடுறாங்க. உனக்கு மட்டும் தனி உடம்பா?"

"ஆமாடி, தனி உடம்புதான். உன் உடம்பு எனக்கு எப்படி இருக்கும்?"

"எல்லாம் உன் மனசு. மாத்திரையைப் பார்த்தாலே பயம். அந்தப் பயத்துல தலை வலிக்குது."

அவள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். அது எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. வயதாகி இவள் எலும்பு முறிந்து படுத்தால் பார்க்கப் போவது யார், நான்தானே என்று நினைத்தேன். அக்கறைதான். அக்கறை இல்லையென்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் அக்கறைக்கு அடியில் வேறொன்று இருந்தது. எட்டு வயதில் கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் வேண்டியிருந்தது. இவள் நடிக்கிறாளா, இல்லையா?

மறுநாள் கல்வத்தில் நாலு மடங்கு மாத்திரையைப் போட்டேன். பால் சர்க்கரையைக் குறைத்தேன். எடை அதே, நிறம் அதே, மடிப்பு அதே. ஒரு பொட்டலத்தில் இப்போது முழு மாத்திரை. இன்னொருவர் கேட்டிருந்தால் படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும் என்று பாடம் நடத்தியிருப்பேன். எனக்கு அன்று முறை தேவைப்படவில்லை, நிரூபணம் தேவைப்பட்டது. ஒரு மாதம் கழித்து, "பார்த்தியா, இத்தனை நாளும் முழு மாத்திரைதான் போட்டே, ஒண்ணும் ஆகலையே" என்று அவள் முன்னால் பொட்டலத்தை ஆட்டிக் காட்ட வேண்டும். அவள் வாயடைத்து நிற்க வேண்டும். அதை நினைத்து எனக்குச் சிரிப்புகூட வந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு குறுகுறுக்கவே இல்லை. நான் சரி என்று அவ்வளவு நிச்சயமாக இருந்தேன்.

முதல் வாரத்தில் அக்கா ஒன்றும் சொல்லவில்லை. நான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன். சாப்பிட வரும்போது கொஞ்சம் வாடியிருப்பாள். "என்ன?" என்றால், "ஒண்ணுமில்ல" என்பாள். முன்பெல்லாம் தலைவலி என்றால் உடனே சொல்கிறவள். சொல்லவில்லையென்றால் இல்லை என்றுதானே அர்த்தம்? சொன்னால் நான் என்ன சொல்வேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அதனால் சொல்லவில்லை. அந்த எளிய கணக்கு என் மண்டைக்கு எட்டவில்லை.

முப்பத்தெட்டாம் நாள் சாப்பிட்டுக்கொண்டே, ஏதோ காய்கறி விலை சொல்வதுபோலச் சொன்னாள். "லேப்ல அச்சு ஊத்துற மாவு ரூமுக்கு மாறிட்டேன். முன்பல் வேலையை வேற ஒருத்திக்குக் குடுத்துட்டாங்க."

என் கணவர் கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்துவிட்டார். "ஏன்? யாரு மாத்துனது?"

"நானேதான் முதலாளிகிட்ட கேட்டேன். ரெண்டு செட்டு திரும்பி வந்துருச்சு. ஒண்ணுல வலது கோரைப்பல்லை இடது பக்கத்துல நட்டிருக்கேன். கோரைப்பல்லு! சேர்ந்த புதுசுல கூட நான் அப்படிப் பண்ணதில்ல." சிரிக்கப் பார்த்தாள். "என் மூக்குக் கண்ணாடி மேல இருக்கு, எடுத்துட்டு வரியா?" என்று என்னிடம் சொன்னாள்.

மாடியில் கண்ணாடி அவளுடைய அந்த மருந்து நோட்டின் மேல் இருந்தது. நான் திறந்தேன். திறந்திருக்கக் கூடாது என்று சொல்ல மாட்டேன். முன்பே திறந்திருக்க வேண்டும்.

தேதி போட்டு எழுதியிருந்தாள். நான் பொட்டலத்தை மாற்றிய இரண்டாம் நாளே ஆரம்பித்திருந்தது. "பொட்டலம் வழக்கம்போல. பத்து மணிக்கு இடது கண்ணில் வெட்டு வெளிச்சம். தலைவலி நாலு மணி நேரம்." அடுத்த நாள், "விரல் வீக்கம். கையுறை நுழையவில்லை." அப்படியே பக்கம் பக்கமாக. பதினாறாம் நாள், "மருந்து மாறவில்லை. சாப்பாடு மாறவில்லை. அப்படியென்றால் கெட்டுப்போனது நான்தான்." இருபத்தைந்தாம் நாள், "தங்கச்சி சொல்வது சரிதான் போலிருக்கிறது. எல்லாம் மனசு. சின்ன வயதிலிருந்தே அப்படித்தானோ? எல்லோரையும் பயமுறுத்தி வைத்திருக்கிறேன்." அதற்குக் கீழே ஒரே ஒரு வரி. "இனி எழுதப் போவதில்லை." அதன் பிறகு பக்கங்கள் காலி.

வேலியே பயிரை மேய்ந்த கதை என்று எத்தனையோ பேரைச் சொல்லியிருக்கிறேன். நோட்டை மூடி வைத்துவிட்டுக் கண்ணாடியை எடுத்துக்கொண்டேன். கீழே போய்ச் சொல்லிவிட வேண்டியதுதான் என்று படியிறங்கினேன். கீழே அவள் என் கணவரிடம் மாவு ரூம் வேலை எவ்வளவு சுலபம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கண்ணாடியைக் கொடுத்தேன். வாய் திறக்கவில்லை. மறுநாள் பழையபடி கால் மாத்திரைப் பொட்டலம் செய்து வைத்துவிட்டேன். தப்பைத் திருத்திவிட்டோம், இனி சொல்லி என்ன ஆகப் போகிறது என்று எனக்கு நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன்.

இரண்டு வாரத்தில் அவள் முகம் தெளிந்தது. ஒருநாள் கடைக்கே வந்தாள். கூட்டம் கலையும்வரை ஓரமாக நின்றிருந்துவிட்டு, கல்லாவில் கையை ஊன்றிக்கொண்டு, "உனக்கு ஒண்ணு சொல்லணும்" என்றாள். "தலைவலி போயிருச்சு. கண்டுக்காம விட்டேன் பாரு, அதுவா போயிருச்சு. நீ இத்தனை வருஷம் சொன்னது சரிதான். நான்தான் கேக்கல." என் கையைப் பிடித்து அழுத்தினாள். நன்றி சொல்கிறாள்! அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். "சரி சரி, போய் வேலையப் பாரு" என்றேன். இந்த ஒன்றை மட்டும் என்னால் இன்றுவரை யாரிடமும் முழுதாகச் சொல்ல முடிந்ததில்லை.

மாவு ரூமின் தரை எப்போதும் ஈரமாக இருக்கும். சிந்திய மாவுக் குழம்பில் கால் வழுக்கும். அக்கா அங்கே போன ஆறாவது வாரம் வாளியோடு வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டை ஒடித்துக்கொண்டாள். தகடு வைக்க வேண்டும் என்றார்கள். இது வேறு ஆஸ்பத்திரி, அவளுடைய பழைய கதை எதுவும் இவர்களிடம் இல்லை. ஆபரேஷனுக்கு முன்னால் மயக்க மருந்து டாக்டர் பேனாவும் தாளுமாகக் கட்டிலருகே வந்து நின்றார்.

"இதுக்கு முன்னாடி ஏதாவது மருந்து ஒத்துக்காமப் போயிருக்காம்மா?"

"இல்ல டாக்டர்" என்றாள் அக்கா. "ஒத்துக்கலன்னு ரொம்ப நாளா நெனச்சிட்டிருந்தேன். அப்புறம்தான் எல்லாம் என் மனசுன்னு தெரிஞ்சுது. நீங்க எல்லாருக்கும் குடுக்கிற மாதிரியே குடுங்க."

நான் குறுக்கே புகுந்தேன். "டாக்டர், போன ஆபரேஷன்ல ஒன்றரை நாள் எழுந்திருக்கல. மூச்சு கூட..." என்றேன்.

அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அது ரத்தம் கம்மியா இருந்ததால. நீதானடி சொன்ன? இவ மருந்துக்கடை வச்சிருக்கா டாக்டர். இவளுக்கு எல்லாம் தெரியும். இப்ப என்னமோ பயப்படுறா."

டாக்டர் பேனாவோடு என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. இருக்கா, இல்லையா?"

அப்போதும் நான் சுற்றி வளைத்துத் தப்பிக்கப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எதற்கும் குறைத்துக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டால் போதாதா? போதாது. அக்கா மறுப்பாள். என் சொல்லை வைத்தே மறுப்பாள். நான் கொடுத்த ஆயுதம்தான் அவள் கையில் இருந்தது. அவள் மறுபடி எழாமலே போய்விட்டால்?

"இருக்கு டாக்டர்" என்றேன். "மனசு இல்ல. அவளுக்குக் கால் மாத்திரை ஹார்மோன்தான் தாங்கும். நான் கால்னு சொல்லி முழு மாத்திரை குடுத்தேன். முப்பத்தெட்டு நாள். அவளுக்குத் தெரியாது. தலைவலி, கண்ணு, வீக்கம் எல்லாம் அதனாலதான். நான் நிறுத்துனதும் நின்னுருச்சு. அவ மனசு ஒண்ணும் பண்ணல."

டாக்டர் எழுதாமல் நின்றார். அக்கா என்னைப் பார்த்தாள்.

"முழுசா?"

"ஆமாக்கா."

"அப்போ அந்தக் கோரைப்பல்லு..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். கண் நிறைந்தது. வழியவில்லை. பிறகு டாக்டர் பக்கம் முகத்தைத் திருப்பி, "எழுதிக்கங்க டாக்டர்" என்றாள். பன்னிரண்டாவது வயதில் குடித்த ஒரு ஸ்பூன் சளி மருந்திலிருந்து தொடங்கினாள். அளவு, நேரம், எத்தனை மணிக்குத் தெளிந்தது, எல்லாம். நோட்டு கையில் இல்லை. ஒன்றையும் விடவில்லை. லேப்பில் சின்னப் பெண்களுக்கு வேலை சொல்லும் குரலில், நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். அந்தக் குரலை நான் கேட்டு இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. நான் பக்கத்தில் நின்று, அவள் சொல்வதை முதல் முறையாகக் கடைசிவரை கேட்டேன்.

டாக்டர் முழு மயக்கம் கொடுக்கவில்லை. கையை மட்டும் மரத்துப்போகச் செய்தார், அதையும் வழக்கத்தைவிடக் குறைத்து. அப்படியும் மறுநாள் சாயங்காலம் வரை அவள் விரல்கள் அசையவில்லை. "முழுசாக் குடுத்திருந்தா சிக்கலாயிருக்கும்" என்று டாக்டர் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார்.

"என்னைத் திட்டுக்கா" என்றேன்.

"திட்டி?" என்றாள். "அந்த முப்பத்தெட்டு நாளும் நான் எனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்குன்னு நெனச்சேன். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு இருந்தேன்." தலையணையைச் சரி செய்யச் சொன்னாள். செய்தேன். லேப் முதலாளி போன் செய்தாரா என்று கேட்டாள். இல்லை என்றேன். சாதாரணமாகத்தான் பேசினாள். அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. மன்னித்துவிட்டாள் என்றே எடுத்துக்கொண்டேன். நான் எதையும் எனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்கிறவள்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். வலி மாத்திரையைப் பாதியாகப் போட வேண்டும் என்று எழுதியிருந்தது. சாப்பிட்டு முடித்ததும் ஒன்றைப் பாதியாக உடைத்து, ஒரு கையில் அதையும் மறு கையில் தண்ணீர் டம்ளரையும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். என் கணவர் அவள் அறையின் ஜன்னல் தாழ்ப்பாளைச் சரி பார்த்துக்கொண்டிருந்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். மாத்திரையைக்கூட நட்டு போல்ட்டைப் பிடிப்பது மாதிரிதான் பிடிப்பார்.

அக்கா என் உள்ளங்கையில் இருந்த பாதி மாத்திரையைப் பார்த்தாள்.

"அட்டை எங்க?"

பாதி மாத்திரையை மேசையில் வைத்துவிட்டு, பையில் இருந்த அட்டையை எடுத்து நீட்டினேன். வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, பெயரையும் அளவையும் உதடு அசைய வாசித்தாள். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்து, "தம்பி, ஒரு நிமிஷம் வாங்க. இதுல ஒண்ணு எடுத்து ரெண்டா ஒடச்சுக் குடுங்க" என்றாள்.

"அவதான் ஒடச்சு வச்சிருக்காளே அக்கா?"

"நீங்க ஒடைங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, தடித்த விரல்களால் அட்டையைப் பிதுக்கி ஒரு மாத்திரையை எடுத்து உடைத்தார். ஒரு துண்டு பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் உடைந்தது. அக்கா இரண்டையும் கண்ணால் அளந்து, சிறியதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். தண்ணீரை மட்டும் என் கையிலிருந்து வாங்கிக் குடித்தாள்.